மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும் பேசுங்கள்

பொதுவாகப் பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமடைவதற்காக உடல் மாறத் தொடங்கும். எனவே 8 வயதிலேயே இதைப் பற்றிய பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். மார்பு அரும்பிய ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். அந்த இடைவெளிக்குள் நாப்கினைப் பிரித்து, உள்ளாடையில் ஒட்டியே காட்டிவிடுங்கள். பள்ளிப் பையில் ஒன்று இருக்கட்டும்.

என் மகனிடம் துணி மடிக்கும்போதுதான் பேசுவேன். எதிரே உட்கார வைத்தால் வாயே திறக்க மாட்டான். கை வேலையில் இருந்தால் கேள்வி தானாக வரும். "தூக்கத்தில் விந்து வெளியேறலாம்டா. அது நோயில்லை, உடம்பும் பலவீனமாகாது. விரிப்பைத் துவைக்கப் போட்டுவிடு, யாரும் எதுவும் கேட்க மாட்டோம்" என்றேன். பையன்களுக்கு இதை முன்கூட்டியே சொல்பவர்கள் மிகக் குறைவு. பயத்தில் சிலர் போலி வைத்தியர் வரை போய்விடுகிறார்கள், பாவம். அக்காவின் மாதவிடாய் பற்றியும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உறுப்புகளைச் சரியான பெயரிலேயே சொல்லுங்கள். யாராவது தவறாகத் தொட்டால், நடந்ததைத் தெளிவாகச் சொல்லக் குழந்தைக்கு அந்தச் சொற்கள் வேண்டும்.

பதில் தெரியாத கேள்விக்கு "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றால், மறுநாள் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ பையனுக்கு 9 வயதுக்கு முன்போ மாற்றம் தெரிந்தாலும், பெண்ணுக்கு 13, பையனுக்கு 14 வயதாகியும் எதுவும் தெரியாவிட்டாலும் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.