தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா: 8 லட்சம் பாட்டும் அதன் தேதிகளும்

தாய்லாந்தில் போய்க் குடியிருக்கலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்றுதான். வயது 50 ஆகியிருக்க வேண்டும், தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. தொகையில் கோட்டை விடுபவர்கள் குறைவு. பணம் எந்தத் தேதியில் வந்தது, எங்கிருந்து வந்தது, பாஸ்புக்கில் எப்படிப் பதிவானது என்பதில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். அதனால் இந்தக் குறிப்பில் தேதிகளுக்கே அதிக இடம்.

எந்த விசா?

பெயர் ஒன்றுபோல இருக்கும் இரண்டு விசாக்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'நான்-இமிக்ரன்ட் ஓ' 90 நாள் விசா. அதில் உள்ளே வந்து, தங்கும் அனுமதியை ஆண்டுக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே போகலாம். 'ஓ-ஏ' சொந்த நாட்டிலேயே வாங்கி வரும் ஓராண்டு விசா. இதற்குப் பணத்தைச் சொந்த நாட்டு வங்கியிலேயே காட்டலாம். ஆனால் போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, 30 லட்சம் பாட்டுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். அந்தக் காப்பீட்டு நிபந்தனை பிற்பாடு நீட்டிக்கும்போதும் விடாது. 70 வயதைத் தாண்டியவருக்கு அப்படி ஒரு பாலிசி கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் பிரீமியம் விழிபிதுங்க வைக்கும். நான்-ஓ-வில் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே பெரும்பாலானவர்களுக்கு நான்-ஓ-தான் சரி. கட்டாயமில்லை என்பதற்காகக் காப்பீடே இல்லாமல் இருப்பது வேறு விஷயம். அதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

'ஓ-எக்ஸ்' என்று பத்தாண்டு விசா ஒன்று உண்டு. அது 14 நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு மட்டும். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நார்வே, சுவிட்சர்லாந்து குடியுரிமை பெற்ற தமிழர்கள் கேட்டுப் பார்க்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. ஆண்டுக்கு 80,000 டாலர் ஓய்வூதியம் போன்ற உழைக்காத வருமானம் உள்ளவர்களுக்கு எல்.டி.ஆர். எனப்படும் நீண்டகாலக் குடியிருப்பு விசா இருக்கிறது. அந்த வசதி உள்ளவர்கள் கீழே வரும் தலைவலி பலவற்றைத் தவிர்த்துவிடலாம்.

நான்-ஓ-வை வெளிநாட்டிலிருந்தே இ-விசா தளத்தில் வாங்கி வருவது ஒரு வழி. விசா இல்லாமல் நுழைந்து, உள்ளே இமிக்ரேஷன் அலுவலகத்தில் டி.எம். 87 படிவம் கொடுத்து, 2,000 பாட் கட்டி மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவதில் தங்கும் அனுமதி இன்னும் 15 நாளாவது பாக்கி இருக்க வேண்டும். 21 நாள் கேட்கும் அலுவலகங்களும் உண்டு. தவிர, அன்றைக்கே 8 லட்சம் உங்கள் தாய்லாந்துக் கணக்கில் இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். நீண்டகால விசா இல்லாதவருக்கு வங்கி கணக்குத் தர யோசிக்கும். கணக்கு இல்லாதவருக்கு இமிக்ரேஷன் விசா தராது. முடிந்தவரை நான்-ஓ-வைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

வங்கிக் கணக்கு

பாங்காக் பேங்க், காசிகார்ன், குருங்தாய், குருங்ஸ்ரீ போன்ற பெரிய வங்கிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்போர்ட், உங்கள் பெயரில் வாங்கிய உள்ளூர் சிம், வாடகை ஒப்பந்தம், இமிக்ரேஷன் தரும் முகவரிச் சான்று ஆகியவற்றோடு போங்கள். மொபைல் பேங்கிங்கில் உள்ள பெயரும் சிம் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், நண்பர் பெயரில் உள்ள சிம் உதவாது. ஒரு கிளை மறுத்தால் மனம் தளர வேண்டாம். அதே வங்கியின் அடுத்த கிளை, அதே காகிதங்களை வாங்கிக்கொண்டு அரை மணியில் பாஸ்புக் கொடுத்துவிடும். வெளிநாட்டவர் அதிகம் வாழும் பகுதியிலுள்ள கிளைகளுக்கு இது பழகிய வேலை.

இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று அன்றாடச் செலவுக்கு. மற்றொன்று 8 லட்சத்துக்கு மட்டும். விசாக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வாங்காதீர்கள். கார்டின் ஆண்டுக் கட்டணம் அந்தக் கணக்கிலிருந்தே கழியும். மிகச் சரியாக 8,00,000 போட்டு வைத்தவரின் இருப்பு ஒருநாள் 7,99,700 என்று நிற்கும். அதிகாரியின் பார்வையில் அது 8 லட்சம் இல்லை. எப்போதும் 10,000, 20,000 பாட் கூடுதலாகவே வையுங்கள். கணக்கு உங்கள் ஒருவர் பெயரிலேயே இருக்கட்டும். மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றால் தகராறுதான்.

பிக்சட் டெபாசிட்டும் செல்லும். ஆனால் முதிர்ந்து தானாகப் புதுப்பிக்கப்படும் டெபாசிட் பாஸ்புக்கில் புதிய தேதியோடு பதிவாகும். பணம் நேற்றுதான் வந்ததுபோலத் தோன்றும். அப்படி இருந்தால் 12 மாத ஸ்டேட்மென்டையும் கையோடு கொண்டுபோங்கள். வட்டியில் 15 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 10 லட்சம் பாட் வரை டெபாசிட் பாதுகாப்பு உண்டு, ஆகவே விசாப் பணம் அந்த வரம்புக்குள் அடங்கும்.

பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். பாங்காக் பேங்க் பாஸ்புக்கில் அப்படி வந்த பணத்துக்கு எதிரே 'எஃப்.டி.டி.' என்ற குறி விழும். ஆன்லைன் சேவைகள் வழியாக அனுப்பும்போது கடைசிக் கட்டம் உள்ளூர்ப் பரிமாற்றமாக நடப்பதால் சில சமயம் அந்தக் குறி விழாது. அனுப்பும்போது காரணம் கேட்கும் இடத்தில் தாய்லாந்தில் நீண்டகாலம் தங்குவதற்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பணம் வந்ததும் வங்கியில் 'கிரெடிட் அட்வைஸ்' என்ற வரவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கொண்டுவந்து கவுன்டரில் கட்டிய பணத்துக்கு இந்த ஆதாரம் எதுவும் இருக்காது.

தேதிக் கணக்கு

முதல் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில், 8 லட்சம் குறைந்தது 2 மாதமாகக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு 3 மாதம் அப்படியே இருக்க வேண்டும். அதன்பின் 4 லட்சத்துக்குக் கீழே போகாமல் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த நீட்டிப்புக்கு 2 மாதம் முன்பு மறுபடி 8 லட்சம் ஆகிவிட வேண்டும். 2019 மார்ச் முதல் இதுதான் நடைமுறை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மார்ச் 1 அன்று நான்-ஓ-வில் நுழைகிறீர்கள். நுழைந்த நாளையும் சேர்த்து 90 நாள் என்றால் மே 29 வரை அனுமதி. அன்று விண்ணப்பிக்க மார்ச் 29-க்குள் பணம் வந்திருக்க வேண்டும். அதாவது இறங்கிய முதல் நான்கு வாரத்துக்குள் வீடு பார்த்து, சிம் வாங்கி, முகவரிச் சான்று எடுத்து, கணக்குத் திறந்து, பணத்தையும் வரவழைக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் வந்த பணம் வந்தும் பயனில்லை. ஏப்ரல் நடுவில் சோங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறை வேறு. மார்ச் 15-க்குள் பணம் வர இலக்கு வையுங்கள்; மே நடுவில் நிதானமாக விண்ணப்பிக்கலாம்.

மே மாத நடுவில் அனுமதி கிடைத்தால் ஆகஸ்ட் நடு வரை பணத்தைத் தொடக்கூடாது. அடுத்த விண்ணப்பமும் மே நடு என்றால் மார்ச் நடுவுக்குள் மறுபடி நிரப்ப வேண்டும். இடையில் ஏழு மாதம், அதுவும் 4 லட்சத்துக்கு மட்டும் சுதந்திரம். எடுத்து, செலவழித்து, மறுபடி பணம் மாற்றும் கட்டணம் கொடுத்து நிரப்புவதில் லாபம் ஒன்றுமில்லை. 8 லட்சத்தையும் மறந்துவிடுங்கள். அது வாடகை வீட்டு அட்வான்ஸ் மாதிரி.

மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் வழியும் உண்டு. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் வருமானச் சான்று தருவதை நிறுத்திவிட்டதால், அந்த நாட்டவர் 12 மாதம் தவறாமல் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததை வங்கி ஸ்டேட்மென்டில் காட்ட வேண்டும். மாற்று விகிதம் சறுக்கி ஒரு மாதம் 64,800 வந்தாலும் அந்த ஆண்டு கெட்டது. அனுப்பினால் 70,000-க்கு மேல் அனுப்புங்கள்.

விண்ணப்ப நாள்

அன்று காலை முதலில் வங்கி. விசாக் கணக்கில் 100 பாட் போட்டுப் பாஸ்புக்கில் அன்றைய தேதியைப் பதியச் செய்யுங்கள். இருப்புச் சான்றுக் கடிதத்தையும் அன்றே வாங்குங்கள். கட்டணம் 100, 200 பாட்தான். பல மாதம் பதியாமல் விட்ட பாஸ்புக்கில் வரவு செலவுகளை ஒரே வரியாகச் சுருக்கிப் பதிந்துவிடும் வங்கிகள் உண்டு. தேவையான 2 மாத இருப்பு அதில் மறைந்துபோகும். மாதம் ஒருமுறை மெஷினில் பதிந்துவிடுவது நல்ல பழக்கம்.

இமிக்ரேஷனில் கொடுக்க வேண்டியவை: டி.எம். 7 படிவம், 4×6 செ.மீ. புகைப்படம், பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசா, நுழைவு முத்திரை ஆகியவற்றின் நகல்கள், வங்கிக் கடிதம், பாஸ்புக் நகல், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், டி.எம். 30 ரசீது. ஒவ்வொரு நகலிலும் கையெழுத்துப் போடுங்கள். கட்டணம் 1,900 பாட்.

வீட்டுக்காரர் நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய அறிவிப்புதான் இந்த டி.எம். 30. பல வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே செய்து தரச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் கவுன்டரில் எதுவும் நகராது.

பணம் இல்லாவிட்டால் பரவாயில்லை, நாங்கள் போட்டுக் காட்டுகிறோம் என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். பின்னால் பிடிபட்டால் விசா உங்களுடையது, தண்டனையும் உங்களுடையதுதான். படிவம் நிரப்பித் தருவதற்கு மட்டும் ஏஜென்ட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த பிறகு

90 நாளுக்கு ஒருமுறை டி.எம். 47 படிவத்தில் முகவரி தெரிவிக்க வேண்டும். நேரில் என்றால் கெடு நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். ஆன்லைனில் கெடுவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தாமதமானால் 2,000 பாட் அபராதம். நாட்டைவிட்டு வெளியே போய் வந்தால் 90 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

வெளியே போகும் முன் ரீ-என்ட்ரி பர்மிட் (மறுநுழைவு அனுமதி) வாங்க மறந்தால், விமானம் ஏறியதுமே ஓராண்டு அனுமதி காலாவதியாகிவிடும். இதைவிடப் பெரிய நஷ்டம் இந்த விசாவில் வேறு இல்லை. ஒருமுறைக்கு 1,000, பலமுறைக்கு 3,800 பாட். திரும்பி வரும்போது டிஜிட்டல் வருகை அட்டையை, வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி.

அனுமதி தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. 90 நாளைத் தாண்டினால் அபராதத்தோடு நுழைவுத் தடையும் சேரும்.

வரி: ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் தங்கினால் நீங்கள் அங்கே வரிக்கு உட்பட்டவர். 2024 ஜனவரி 1 முதல், அந்தத் தேதிக்குப் பின் சம்பாதித்த வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக் கணக்கில் வரும். அதற்கு முந்தைய சேமிப்புக்கு வரி இல்லை. ஆகவே 2023 டிசம்பர் 31 அன்றைய இருப்பைக் காட்டும் ஸ்டேட்மென்ட் பொன்போல. இன்னொரு உபாயம்: அந்த ஆண்டில் முன்பு போய்த் தங்காதவர், ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு நுழைந்தால் 180 நாள் ஆகாது, பெரிய தொகையை அந்த ஆண்டே கொண்டுவந்துவிடலாம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு

முதலில் பெயர். வங்கியில் 'ஆர். சுப்பிரமணியன்', பாஸ்போர்ட்டில் 'சுப்பிரமணியன் ராமசாமி' என்று இருந்தால், அனுப்பியவரும் பெறுபவரும் வேறு ஆள் என்று தாய்லாந்து வங்கி நினைக்கும். இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வங்கிக் கணக்கையும் பான் கார்டையும் மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

இந்தியாவில் வசிக்கும்போது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் திரும்பப் பெறலாம்தான். அதுவரை பணம் முடங்கும். பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இரண்டு நிதியாண்டாகப் பிரிந்து, பிடித்தம் குறையும். ஆனால் மேலே சொன்ன 2 மாதக் கணக்கு, கடைசித் தவணை வந்த நாளிலிருந்துதான் ஓடும்.

நிரந்தரமாகப் போனதும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்றச் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் அதில் வரலாம். அங்கிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, வருமான வரித் துறைப் படிவங்களோடு வெளியே அனுப்பலாம். அவற்றில் ஒன்றுக்கு ஆடிட்டர் கையெழுத்து வேண்டும் என்பதால் ஊரில் ஒருவரைப் பேசிவையுங்கள். ஓ.டி.பி. வரும் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். நவம்பரில் ஆயுள் சான்றுக்குப் பாங்காக் இந்தியத் தூதரகத்தை அணுகலாம்.

மனைவி உங்களைச் சார்ந்தவராக வருவதென்றால் அவருக்குத் தனியாக 8 லட்சம் வேண்டாம். திருமணச் சான்றிதழில் இந்திய வெளியுறவு அமைச்சக முத்திரையும் தாய்லாந்துத் தூதரக முத்திரையும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். அவர் பெயரில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தோடு தனிக் கணக்கு ஒன்றும் திறந்துவிடுங்கள். நீங்கள் இறந்தால் உங்கள் கணக்கு முடக்கப்படும். நீதிமன்ற உத்தரவு வரும்வரை 8 லட்சத்தை யாரும் எடுக்க முடியாது, பின் நம்பர் தெரியும் என்று மனைவி எடுத்தாலும் குற்றம். அந்தப் பணத்துக்கு மட்டுமாவது தாய்லாந்திலேயே, தாய் மொழியில், இரண்டு சாட்சியோடு உயில் எழுதி, அதன் நகலை அவரிடம் கொடுத்து வையுங்கள்.