வறட்சி தாங்கும் செடிக்கும் முதல் கோடையில் தண்ணீர் வேண்டும்

அரளி, காகிதப்பூ, ஆவாரை, நொச்சி, முருங்கை எல்லாம் தண்ணீர் இல்லாமலே வளரும் என்று நம்பி வைப்பவர்கள், முதல் சித்திரையிலேயே பாதியை இழந்துவிடுகிறார்கள். வறட்சியைத் தாங்குவது வேர். நர்சரிப் பைக்குள் அரையடியில் சுருண்டு கிடக்கும் வேர் ஆழத்துக்கு இறங்கும்வரை, எந்தச் செடியும் வறட்சி தாங்கும் செடி இல்லை. முதல் வருஷ வேலை முழுக்க அந்த வேரைக் கீழே இறக்குவதுதான்.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி சரியான காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும். பங்குனி வெயில் வருவதற்குள் வேருக்கு ஆறு மாதம் கிடைக்கும். தை, மாசியில் நட்டால் அந்த அவகாசம் இல்லை.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் போதும். தோண்டிய மண்ணோடு 2 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்தால் போதும். அதிகம் போட்டால் தளதளவென்று இலைவிடும், வெயிலில் முதலில் வாடுவதும் அதுதான். களிமண் நிலத்தில் குழிக்குள் மட்டும் மணலைக் கொட்டாதீர்கள். சுற்றிலும் களிமண் இருக்க, மழைக்காலத்தில் குழி தண்ணீர்த்தொட்டி ஆகிவிடும், வேர் அழுகும். அங்கே அரையடி உயரத்துக்கு மேடு கட்டி நடுவதுதான் நல்லது.

பல நர்சரிகளில் பையில் இருப்பது இறுகிய செம்மண். காய்ந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும். அப்படியே நட்டால் ஊற்றும் தண்ணீர் கட்டியைச் சுற்றி ஓடிவிடும், உள்ளே வேர் காய்ந்தே கிடக்கும். நடுவதற்கு முன் பையோடு வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும்வரை வையுங்கள். பிறகு பையைக் கிழித்து, அடியில் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேரை மட்டும் வெட்டிவிடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, நிலத்திலும் அதே மட்டம். தண்டைப் புதைத்தால் அடி அழுகும்.

இனி தண்ணீர். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைப் போல் கெடுதல் வேறில்லை. மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டப் பாத்தி கட்டி, மழை இல்லாத நாட்களில் முதல் மாதம் வாரம் இரண்டு முறை 10 லிட்டர் விடுங்கள். அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒரு முறை 15 லிட்டர். அதன்பின் முதல் கோடை முடியும்வரை 10 நாளுக்கு ஒரு முறை 20 லிட்டர். மணற்பாங்கான நிலமென்றால் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம். ஊற்றிய மறுநாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள், ஒரு அடி வரை தடையில்லாமல் இறங்க வேண்டும். இரண்டாம் கோடையிலிருந்து மாதம் ஒரு முறை போதும்.

மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் பதறி ஊற்ற வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். விடிகாலையிலும் தொங்கியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் அது தாகம் இல்லை, வேரழுகல்.

செடியைச் சுற்றி மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு கட்டாயம். காய்ந்த இலை, வைக்கோல், தென்னை ஓலைத் துண்டு எதுவானாலும் 3 அங்குல கனம், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. தேங்காய் மட்டை கிடைத்தால் குழி பறிக்கும்போதே அடியில் குழிவான பக்கம் மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்குங்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

செடிக்குச் செடி கவனம் மாறும். காகிதப்பூவுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். இலை மட்டும் விட்டுப் பூக்காமல் நின்றால் தண்ணீரைக் குறையுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். ஆவாரை விதையின் தோல் கடினமானது. மணல்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து விதைக்க வேண்டும். பிரண்டைக்கு இரண்டு கணு உள்ள துண்டு போதும், வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டு நடுங்கள். அரளி முழுச்செடியும் நஞ்சு. பால் கண்ணில் படக்கூடாது, வெட்டிய கிளையை எரிக்கவோ ஆடு மாடு மேயும் இடத்தில் வீசவோ கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அரளிக்குப் பதில் நொச்சி வைக்கலாம்.

முருங்கையைச் சுவரிலிருந்தும் ஓட்டிலிருந்தும் 8 அடியாவது தள்ளி வையுங்கள், காற்றில் கிளை முறியும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 3 அடியில் வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் துளிர்க்கும். வெட்டியதில் மணிக்கட்டு கனமுள்ள 3 அடிப் போத்தை (நடுவதற்கான கிளைத்துண்டை), ஒரு அடி மண்ணுக்குள் போக நட்டு, மேல்நுனியில் சாணம் அப்பிவிடுங்கள். துளிர் வரும்வரை லேசான ஈரம் போதும், தண்ணீர் தேங்கினால் போத்து அழுகிவிடும்.