பூட்டிய சைக்கிளும் காணாமல் போவது ஏன்?

பின்சக்கரத்தில் லாடம் போல வளைந்திருக்கும் வீல் லாக்கை டக்கென்று அழுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அந்த லாக் சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். சைக்கிள் எதனோடும் கட்டப்படவில்லையே! குட்டியானையில் தூக்கிப் போட ஒரே ஆள் போதும். கேரியரைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கி, முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டே போனாலும் பஞ்சர் கடைக்குப் போகிறான் என்றுதான் தெருவில் இருப்பவர்கள் நினைப்பார்கள். போதாததற்கு, மலிவான வீல் லாக்குகளின் சாவிகளில் பல் வித்தியாசம் குறைவு. தேய்ந்த பூட்டை அடுத்தவர் சாவியும் திறக்கும். பள்ளி ஸ்டாண்டில் விலையில்லா சைக்கிள்கள் ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும்போது, வண்டி மாறிப்போனதா திருடு போனதா என்றே தெரியாது. மட்கார்டின் உட்புறத்தில் பெயின்டால் ஓர் அடையாளம் போட்டு வையுங்கள்.

வீல் லாக் போதாது என்று கேபிள் பூட்டு வாங்குபவர்கள் அதன் தடிமனைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறை. உள்ளே மெல்லிய கம்பிகளின் முறுக்கு. கட்டிங் பிளேயரால் இழை இழையாகக் கடித்தே அறுத்துவிடலாம். மூன்று வளைய நம்பர் பூட்டில் மொத்தம் 1,000 எண்கள்தான். ஒன்றுக்கு 2 நொடி என்றாலும் 34 நிமிடத்தில் முடிந்துவிடும். பூட்டியபின் கடைசி வளையத்தை மட்டும் ஓர் எண் தள்ளிவிடுபவர்கள் திருடனுக்கு அந்தச் சிரமத்தையும் வைப்பதில்லை.

12 மி.மீ. தடிமனுக்குக் குறையாத, கடினப்படுத்திய எஃகில் செய்த யு-லாக் (U வடிவக் கம்பிப் பூட்டு) வாங்குங்கள். பையில் மறைத்து எடுத்துவரும் அளவுள்ள போல்ட் கட்டர் அதைக் கடிக்காது. பேட்டரி கிரைண்டர் எதையும் அறுக்கும்தான், ஆனால் சத்தமும் தீப்பொறியும் தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும். பெரிய அளவு வசதி என்று வாங்குவது தவறு. பூட்டுக்குள் காலி இடம் இருந்தால் கடப்பாரையையோ ஜாக்கியையோ நுழைத்து நெம்பிவிடுவார்கள்.

எதை எதோடு பூட்டுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டினால், ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழற்ற உதவும் குயிக் ரிலீஸ் லீவரைத் தட்டிச் சக்கரத்தை உங்களுக்கு விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவார்கள். ஃப்ரேமின் பாரை மட்டும் பூட்டினால் சக்கரங்கள் போகும். பின்சக்கரம்தான் செயின், கியரோடு சேர்ந்து விலை கூடியது. அதனால் சீட் குழாய்க்குப் பின்னால் ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் வருகிற ரிம் பகுதியையும், முடிந்தால் சீட் குழாயையும், கம்பத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். முன்சக்கரத்துக்கும் சீட்டுக்கும் லீவரை எடுத்துவிட்டு எல்லன் கீயால் (அறுகோணச் சாவி) திருகும் போல்ட் போடுங்கள்.

கம்பத்தை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். தலை உயரத்தில் முடிகிற கம்பம் என்றால் பூட்டோடு சேர்த்து மேலே உருவிவிடலாம். அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கும் வெளியிடம்தான். கேட் பெரும்பாலும் திறந்தேதான் கிடக்கிறது.

சாவித் துளை கீழ்நோக்கி இருக்கட்டும், மழைநீர் இறங்காது. அதில் தேங்காய் எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகும். பென்சில் முனையைச் சுரண்டிய பொடி போதும்.

வண்டி இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ப்ளூடூத் டிராக்கரைச் சீட் குழாய்க்குள் ஒளிப்பவர்கள் உண்டு. இரும்புக் குழாய் சிக்னலைத் தடுக்கும். சீட்டுக்கு அடியில் வையுங்கள். அது ஆப்பிளின் ஏர்டேக் என்றால், தெரியாத டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகலாம். இடம் தெரிந்தாலும் தனியாகப் போகாதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஃப்ரேமில் குத்தியிருக்கும் வரிசை எண்ணைக் கண்டுபிடிப்பது. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சுக் கூட்டின் அடியில் படிந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். எண் அங்கே இல்லையென்றால் சீட் குழாயிலோ ஹேண்டில்பார்க் கழுத்திலோ குத்தியிருக்கும். போட்டோ எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டைத் தனியாகப் பிரித்திருப்பதால், மதிப்பைக் காட்ட பில் முக்கியம். ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர் கேளுங்கள், நகல் இலவசம். பிடிபட்ட வண்டிக்குப் புது பெயின்டும் வேறு சீட்டும் வந்திருக்கும். அது உங்களுடையது என்று காட்ட அந்த எண்தான் இருக்கும்.