நீதிபதிக்கு ஓட்டுப் போடுவது எப்படி? வாஷிங்டன் மாநிலப் புது வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

சியாட்டில் பக்கம் குடியுரிமை வாங்கி முதல் முறை ஓட்டுப் போடும் நம்மவர்கள் கவர்னர், செனட்டர் வரை மளமளவென்று வட்டத்தை நிரப்பிவிடுவார்கள். நீதிபதிகள் பகுதி வந்ததும் கை நின்றுவிடும். பெயருக்குக் கீழே கட்சி இல்லை. சின்னமும் இல்லை. இப்போது பதவியில் இருப்பவர் யார் என்ற குறிப்புகூடக் கிடையாது. இந்தியாவில் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் பரிந்துரைத்து ஜனாதிபதி நியமிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசுதான்.

படி 1: பதிவு

குடியுரிமை வேண்டும், 18 வயது வேண்டும். இணையத்தில் பதிவதானால் தேர்தலுக்கு 8 நாள் முன்பே முடித்துவிடுங்கள். நேரில் போனால் தேர்தல் நாள் இரவு 8 மணி வரை பதியலாம். கிரீன் கார்டு, விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வாக்காளராகப் பதியவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் பதிந்தாலும் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலி.

படி 2: எந்தக் கோர்ட் என்று பாருங்கள்

ஒலிம்பியாவில் இருக்கும் மாநில உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள். இவர்களுக்கு மாநிலம் முழுக்க ஓட்டு. அதற்குக் கீழே மேல்முறையீட்டு நீதிமன்றம், சியாட்டில், டகோமா, ஸ்போகேன் என்று மூன்று பிரிவு. இங்கே உங்கள் வட்டாரத்து நீதிபதிக்கு மட்டும்தான் ஓட்டு. அதனால் ரெட்மண்டில் இருப்பவர் சீட்டில் உள்ள பெயர் எவரெட் நண்பர் சீட்டில் இருக்காது. இரண்டு கோர்ட்டிலும் பதவிக்காலம் 6 ஆண்டு.

மேல்முறையீட்டில் சாட்சி விசாரணை கிடையாது. கீழ்க்கோர்ட் சட்டத்தைச் சரியாகக் கையாண்டதா என்று ஆவணங்களைப் படித்துத் தீர்ப்பு எழுதும் வேலை. ஆளை எடை போடும்போது இதை மனதில் வையுங்கள்.

படி 3: கையேட்டைப் பிரித்துப் படியுங்கள்

தபாலில் வரும் வாக்காளர் கையேட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இந்தத் தேர்தலுக்கு அதுதான் உயிர். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சட்டம், நீதித்துறை அனுபவம் என்று தனித் தலைப்பு இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். கீழே இருக்கும் 'நேர்மை, நியாயம்' வகையறாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எல்லாரும் அதையேதான் எழுதுவார்கள்.

2024இல் சூசன் ஓவன்ஸ் வயது வரம்பான 75ஐ எட்டியதால் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானது. ஆகஸ்ட் முதல்கட்டத் தேர்தலில் நாலு பேர் நின்று, நவம்பருக்கு இருவர் வந்தார்கள். சால் முங்கியா டகோமாவில் பல்லாண்டு வழக்கறிஞர், நீதிபதியாக இருந்ததில்லை. டேவ் லார்சன் ஃபெடரல் வே நகர நீதிமன்ற நீதிபதி. கட்சிப் பெயர் இல்லாவிட்டாலும் இப்படி ஒரு தெளிவான வித்தியாசம் கிடைக்கும். முங்கியா மயிரிழையில் ஜெயித்தார்.

படிக்காமல் பெயரைப் பார்த்துக் குத்தினால் என்ன ஆகும்? 1990இல் தலைமை நீதிபதி கீத் காலோவை, பிரசாரம் என்று சொல்லும்படி எதுவும் செய்யாத சார்ல்ஸ் ஜான்சன் தோற்கடித்தார். ஜான்சன் என்பது காதுக்குப் பழகிய பெயர், அவ்வளவுதான் என்று அப்போது பலரும் சொன்னார்கள். அவர் அதன்பின் 30 ஆண்டுக்கும் மேல் அந்த நாற்காலியில் இருந்தது வேறு கதை.

படி 4: வெளியே விசாரியுங்கள்

கிங் கவுன்டி (சியாட்டில் அடங்கிய மாவட்டம்) வழக்கறிஞர் சங்கம் 'தகுதி இல்லை' என்பதிலிருந்து 'மிகச் சிறந்த தகுதி' வரை வேட்பாளர்களை மதிப்பிடுகிறது. யார் பணம் கொடுத்தார்கள் என்பது மாநிலத் தேர்தல் நிதி ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். சீட்டில்தான் கட்சி இல்லையே தவிர, கட்சி அமைப்புகள் வெளியே ஆதரவு தெரிவிப்பது சகஜம். இன்ன வழக்கில் இப்படித்தான் தீர்ப்பு தருவேன் என்று வேட்பாளர் வாக்குறுதி கொடுக்கக் கூடாது. கொடுக்கிற மாதிரிப் பேசுகிறவரை நான் முதலில் கழித்துவிடுவேன்.

படி 5: நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அனுப்புங்கள்

ஒரு பதவிக்கு ஒரு வட்டம். ஒரே பெயர்தான் இருக்கிறதா, பிடிக்கவில்லையா, காலியாக விடலாம். சீட்டின் மற்ற ஓட்டுகள் செல்லும். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் ஓட்டுப் பெட்டியில் போடுங்கள், தபால்தலை தேவையில்லை. தபாலில் அனுப்பினால் ஒரு வாரம் முன்பே. கடைசி நாள் தபாலில் முத்திரை மறுநாள் தேதியில் விழுந்தால் ஓட்டு போச்சு.

சீட்டை வைத்து அனுப்பும் உறையில் போடும் கையெழுத்து, பதிவில் இருப்பது போலவே இருக்கட்டும். லைசென்ஸில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு இங்கே தமிழில் போட்டால் பொருந்தவில்லை என்று கவுன்டியிலிருந்து கடிதம் வரும். வந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் படிவத்தை நிரப்பி உடனே திருப்பி அனுப்பினால் ஓட்டு எண்ணப்படும்.