சோடியம் ஆனோட்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 இல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) திறந்த நாளிலிருந்து காரைக்குடிக்கு மின்வேதியியல் வெளியூர்ச் சரக்கில்லை. சோடியம் உலோகத்தையே ஆனோடாக, அதாவது எதிர்மின்முனையாக, வைக்கும் பேட்டரி ஆய்வுக்கு இங்கே வரும் புதுப் பிள்ளைகள், நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கையுறை கிழிவது, சோடியத்தின் எண்ணெயைச் சரியாகத் துடைக்காதது எல்லாம் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தட்டையான கோட்டை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இரு பக்கமும் சோடியம் வைத்த சிமெட்ரிக் செல், அதாவது சோதனைக்கான சின்ன பேட்டரி. ஒரு மாணவியின் செல்லில் மின்னழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே வந்து, ஓர் இரவில் சட்டென்று இறங்கி, அப்புறம் வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் ஓடியது. "ஆனோட் நிலைப்பட்டுடுச்சு சார்" என்று வீட்டிலிருந்து மனகோலப் பலகாரம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

இறங்கிய அந்த இரவே செல் செத்துவிட்டது. சோடியம் ஊசிபோல் வளரும் டென்ட்ரைட், இரு முனைகளையும் பிரிக்கும் செபரேட்டர் தாளைத் துளைத்து மறுபக்கத்தைத் தொட்டிருந்தது. அதன்பின் மின்னோட்டத்தின் பெரும்பகுதி அந்த உலோக இழை வழியாகவே போய்விடும். சோடியம் படிவதும் கரைவதும் பேருக்குத்தான். முழு ஷார்ட் என்றால் மின்னழுத்தம் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிடும், உடனே தெரியும். இது அரைகுறை ஷார்ட், அதனால்தான் ஆளை ஏமாற்றுகிறது. மாதக்கணக்கான அளவீடுகள் வீணாயின.

மின்னழுத்த வளைவைப் பெரிதாக்கிப் பாருங்கள். சோடியம் உண்மையில் படிந்து கரையும் செல்லில் பெரும்பாலும் மேடும் பள்ளமும் தெரியும். ஷார்ட் ஆனதில் ஸ்கேல் வைத்து வரைந்த கட்டம்தான். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கும்போது மின்னழுத்தமும் அச்சாக இரட்டித்தால் சந்தேகப்படுங்கள். இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குச் செல் காட்டும் தடை) எடுங்கள். அந்த வரைபடத்தில் முன்பு இருந்த அரைவட்டம் காணாமல் போயிருந்தால், செல்லைப் பிரித்து செபரேட்டரைப் பாருங்கள்.

தடிமனான தகடு

சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர்-மணி என்பது ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர் சோடியம். அரை மில்லிமீட்டர் தகட்டில் அதுபோல் 50 மடங்குக்கு மேல் இருக்கிறது. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த 1 மில்லி ஆம்பியர்-மணியில் 10 சதவீதம் வீணானாலும், மிச்சச் சோடியம் ஈடுகட்டி 500 சுற்று ஓடிக் காட்டிவிடும். வெறும் அலுமினியத் தகட்டில் சோடியத்தைப் படியவைத்துக் கூலம்பிக் திறனை, அதாவது படிந்ததில் எவ்வளவு திரும்பக் கரைகிறது என்பதை, அளவிடுங்கள். உண்மை அங்கே வெளிவரும்.

லித்தியத்துக்கு ஊற்றியதையே ஊற்றுவது

லித்தியம் பேட்டரியில் ஊற்றும் கார்பனேட் கரைப்பான்கள் சோடியத்தை விடாமல் அரிக்கும். டைகிளைம் என்ற ஈதரில் கரைத்த சோடியம் ஹெக்ஸாபுளோரோபாஸ்பேட்டிலிருந்து தொடங்குங்கள்: 2015 இல் வெளியான ஆய்வில் 300 சுற்றுக்குச் சராசரி 99.9 சதவீதத் திறன் கிடைத்தது. ஆனால் உயர் மின்னழுத்தக் கேத்தோடு (நேர்மின்முனை) வைத்தால் ஈதர் தாங்காது.

ஐப்பசி மழை

வெற்றிட அடுப்பில் காயவைத்த செபரேட்டரைக் கையில் ஏந்தி வராந்தாவில் நடக்காதீர்கள்; காற்றின் ஈரம் அதில் ஏறிவிடும்.