தரையில் முடுக்கிப் பார்க்காதீர்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை பினாங்கு தெலுக் கும்பார் கரையில் ஓர் இளைஞர் பழைய 15 குதிரைத்திறன் படகு மோட்டாருக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். மலாய்க்காரர்கள் எஞ்சின் சங்குட் என்று சொல்லும் அதே வகை. விற்பவர் அதை மரச்சட்டத்தில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமியது. கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "சத்தம் எப்படி, தம்பி?" என்று கேட்டார். தம்பி முகமெல்லாம் சிரிப்பு. நான் ஓடிப்போய் நிறுத்தச் சொல்வதற்குள் முக்கால் நிமிடம் கடந்துவிட்டது.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். மிதவைச் சட்டை போடுங்கள், பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். புதியவர்கள் படகு மோட்டாரைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் இல்லாமல் முடுக்குவது

எஞ்சினைக் குளிர்விக்க மோட்டார் சைக்கிளுக்குக் காற்று, காருக்கு ரேடியேட்டர். படகு மோட்டாருக்குக் கடல்தான் எல்லாம். நீரில் இறங்கும் அதன் காலுக்குள், கியர் பெட்டிக்குச் சற்று மேலே, ஒரு சிறிய பம்பு இருக்கிறது. அதற்குள் பூவைப் போல இதழ் விரித்த ரப்பர் சக்கரம் ஒன்று சுழன்று நீரை மேலே ஏற்றுகிறது. அதைத்தான் இம்பெல்லர் என்கிறோம். இதழ்களின் நுனி பம்பின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலுக்கு மசகும் அதே நீர்தான். நீர் இல்லையென்றால் ரப்பர் சூடேறிக் கருகும். அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டியதில்லை.

"நியூட்ரலில்தானே வைத்திருக்கிறேன்" என்பார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நியூட்ரலில் நிற்பது படகைத் தள்ளும் விசிறி மட்டும். எஞ்சின் ஓடும்வரை இம்பெல்லரும் சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

பழுது அன்றே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. 2016இல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிட்டு, வீட்டின் பின்புறம் இரண்டு முறை தரையிலேயே முடுக்கிப் பார்த்தேன். அடுத்த இரண்டு பயணங்கள் நன்றாகவே போயின. மூன்றாவது பயணத்தில், ஜெரஜாக் தீவுக்குத் தெற்கே, எஞ்சினைக் குளிர்வித்துப் பின்பக்கத் துளையிலிருந்து பீச்சும் நீர் நூலாக மெலிந்தது. குப்பை அடைத்திருக்கும் என்று நினைத்து ஓட்டத்தைத் தொடர்ந்தேன். சாயம் கருகும் வாடை வந்தது. எஞ்சின் முனகி நின்றது. கயிற்றை இரண்டு கைகளாலும் இழுத்தேன், அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிட்டது. நீரோட்டம் படகைப் பினாங்கின் இரண்டாவது பாலத்தின் தூண்களை நோக்கி இழுத்துச் சென்றது. மலாய் மீனவர் ஒருவர் கயிறு வீசிப் பத்து மாவுங் என்ற ஊரின் கரை வரை கட்டி இழுத்து வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பட்டறையில் பம்பைத் திறந்தபோது ஆறு இதழ்களில் இரண்டைக் காணவில்லை. புதிய இம்பெல்லர் சில பத்து ரிங்கிட்தான். சிலிண்டர் வேலை ஆயிரக்கணக்கில் போனது. அதோடும் முடியவில்லை. பட்டறைக்காரர் உடைந்த துண்டுகளைத் தேடாமலே புதியதை மாட்டிவிட்டார். ஒரே மாதத்தில் மீண்டும் சூடேறியது. மேலே போகும் நீர்க்குழாயில் ஒரு துண்டு சிக்கியிருந்தது. இதழ் உடைந்திருந்தால் துண்டுகளை எடுத்துச் சேர்த்து வைத்துப் பாருங்கள். முழு இதழ்களும் கூடி வரும்வரை மூடாதீர்கள்.

முடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால், நீர் உறிஞ்சும் துளைகளில் ரப்பர்க் கிண்ணங்களை மாட்டிக் குழாய் நீரைத் திறந்த பிறகு முடுக்குங்கள். நிறுத்தும்போது முதலில் எஞ்சின், பிறகு குழாய். கிண்ணங்கள் இல்லையென்றால் பெரிய பீப்பாயில் துளைகள் மூழ்கும்வரை நீர் நிரப்பி, விசிறியைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் இப்படிப் பத்து நிமிடம் நன்னீரில் ஓடவிட்டால் உப்பும் கழுவிப் போகும். வற்றுநேரத்தில் சேற்றில் உழுது ஓட்டுவதும் இம்பெல்லருக்கு எமன்தான். மணல் அதை அரைத்துவிடும். நான் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன்.

எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றுவது

பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடும் உங்கள் டூ ஸ்ட்ரோக் மோட்டாரின் கையேடு 50:1 என்று சொன்னால், 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர் எண்ணெய். அளந்து ஊற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெய் கலக்கவே கூடாது.

விசிறியின் பின்னால் பார்க்காமலிருப்பது

தூண்டில் நரம்பு அங்கே சுற்றிக்கொண்டு, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை (சீல்) அறுக்கும். கியர் எண்ணெய் தே தாரிக், அதாவது பால் தேநீர், நிறத்தில் வடிந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே அந்த வளையத்தை மாற்றுங்கள்.

மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் துத்தநாகக் கட்டிக்குச் சாயம் பூசுவது

கூடாது.

பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத் திருகு

திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

நிறுத்துக் கயிறு

நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு. மணிக்கட்டில். எப்போதும்.

தெலுக் கும்பாரில் அந்தத் தம்பியிடம், பம்பைத் திறந்து காட்டினால்தான் காசு என்று சொல்லச் சொன்னேன். விற்பவர் முகம் சுருங்கியது, ஆனால் ஸ்பேனரை எடுத்து வந்தார். மோட்டாரின் காலைக் கழற்றினோம். இம்பெல்லர் நுனிகள் கண்ணாடிபோலப் பளபளத்துக் கிடந்தன. விரலால் வளைத்தேன். ஓர் இதழ் அடியோடு விண்டு என் உள்ளங்கையில் விழுந்தது.