தலை போன புரவி: எழுத்து நீக்கப் புதிர்களை அவிழ்ப்பது எப்படி?

குறுக்கெழுத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கைவைக்க வேண்டியது எழுத்து நீக்கப் புதிரில்தான். ஒரு சொல்லில் ஓர் எழுத்தை எடுத்தால் வேறு சொல் வர வேண்டும். ‘கவிதை’யில் முதலெழுத்து போனால் விதை, நடுவெழுத்து போனால் கதை, கடைசி போனால் கவி.

முதலில் எண்ணப் பழகுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய்யும் ஒன்றுதான், புள்ளி வைத்த மெய்யும் ஒன்றுதான். ‘பட்டம்’ நான்கு எழுத்து: ப, ட், ட, ம். ட் போனால் படம். புள்ளி எழுத்தை எண்ணாமல் விட்டால் கணக்கு முழுக்கத் தப்பும். போனில் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ‘கடலை’யின் கடைசியில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் பல கீபோர்டுகளில் குறி மட்டும் அழிந்து ‘கடல’ என்று நிற்கும். புதிர்க் கணக்கில் மிஞ்ச வேண்டியது ‘கட’. காகிதத்தில் இடைவெளி விட்டு எழுதுங்கள்.

அடுத்து, குறிப்பை மூன்றாகப் பிரியுங்கள்: மூலச் சொல், எதை எடுப்பது என்ற சைகை, விடையின் பொருள். தலை, முதல் என்றால் முதலெழுத்து. இடை, நடு, வயிறு என்றால் நடுவில் உள்ளது. வால், கடை, அடி என்றால் கடைசி. ‘முடி’ வந்தால் நின்று யோசியுங்கள். தலைமுடியாகவும் இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம்.

ஒரு குறிப்பை அவிழ்ப்போம்: “தலையில்லாப் புரவி மேடையை மறைக்கும் (2)”. விடை இரண்டெழுத்து, போவது ஒன்று. ஆகவே மூலச் சொல்லுக்கு மூன்று எழுத்து. ‘புரவி’யையே வெட்டினால் ரவி, அது மேடையை மறைக்காது. அப்படியானால் புரவிக்கு வேறு பெயர் தேட வேண்டும். ‘பரி’ இரண்டெழுத்து, போதாது. ‘குதிரை’ மூன்று. கு போனால் திரை!

தேடலைச் சுருக்க இலக்கணமே உதவும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது (ரவி போன்ற வடசொற்கள் விலக்கு). எனவே தலையை வெட்டும் புதிரில், இரண்டாம் எழுத்து இவற்றில் ஒன்றாக இருந்தால் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். வாலை வெட்டும்போது க், ச், ட், த், ப், ற் கடைசியில் நின்றால் அதுவும் ஆகாது. இந்த இரண்டு சோதனைகளே பாதி நேரத்தை மிச்சமாக்கும்.

வழுக்கும் இடம் ‘கால்’. அது கடைசி எழுத்தாகவும் இருக்கலாம், துணைக்காலாகவும் இருக்கலாம். துணைக்கால் போனால் மாலை மலையாகும், பாடம் படமாகும். “காலொடிந்த தோள் கொட்டும் (2)” என்ற குறிப்பில் கடைசி எழுத்தை எடுத்தால் ‘தோ’தான் மிஞ்சும், பயனில்லை. ‘தோ’வின் வடிவத்தைப் பாருங்கள்: முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால். காலை மட்டும் எடுத்தால் தே. விடை தேள். கையால் எழுதிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

நன்னூல் படித்தவர்களுக்கு முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை நினைவுக்கு வரும். தாமரை மரையாகும், ஓந்தி ஓதியாகும், நீலம் நீல் ஆகும். அங்கே எழுத்து குறைந்தாலும் பொருள் மாறாது, புதிரில் மாற வேண்டும். ‘மரை’ இரண்டு பக்கமும் நிற்கும் அழகான சொல். தாமரையும் அதுதான், மானும் அதுதான். “இடை போன மீனாட்சி ஊர் ஒரு மான் (2)” என்றால் மதுரையில் து போய் மரை.

பழக மூன்று:
தலையில்லா வானம் புண் (3)
வாலறுந்த தாம்பூல இலை ஜெயம் (3)
இடையில் ஒன்று குறைந்த கவனம் பாரம் (3)

மூன்றாவதில் நடுவே இரண்டு எழுத்து உண்டு. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், ஒன்றுதான் சொல்லாகும்.

விடைகள்: (ஆ)காயம், வெற்றி(லை), க(வ)னம்.